ஒத்துணர்வும் குறிப்பறிதலும்: மும்பைத் தமிழரும் உளவியக்கச் சிகிச்சையும்

முன்னுரை

உளவியல் திறனாய்வு தமிழ்க் கல்விப்புலத்தில் வேரூன்றிய துறைகளுள் ஒன்று. சிக்மண்ட் பிராய்டின் கருத்துகளைக் கொண்டு பாத்திரங்களின் நனவிலி மனத்தையும் இடிபஸ் சிக்கலையும் எடுத்துக்காட்டும் ஆய்வேடுகள் பல வெளிவந்துள்ளன. எனினும் உளப்பகுப்பாய்வு என்பது அடிப்படையில் இருவர் பங்குகொள்ளும் உரையாடலாகும். ஒருவர் சொல்கிறார், மற்றவர் கேட்கிறார். தமிழ்த் திறனாய்வு சொல்பவரின் மனத்தைத் துருவிய அளவுக்குக் கேட்பவரின் தகுதியையும் பயிற்சியையும் பிழையையும் ஆராயவில்லை. இவ்விடைவெளியை முன்னிறுத்தி, உளவியக்கச் சிகிச்சையில் சிகிச்சையாளரின் ஒத்துணர்வு பெறும் இடத்தைத் தமிழ் மரபின் குறிப்பறிதல் என்னும் கருத்தோடு ஒப்பிட்டு நோக்குவதும், மும்பைத் தமிழர் வாழ்வில் அதனைப் பொருத்திக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒத்துணர்வு: பொருள் வரையறை

இரக்கம், பரிவு, ஒத்துணர்வு ஆகிய சொற்கள் தமிழில் ஒன்றற்கு மற்றொன்றாக வழங்கப்பெறுகின்றன. சிகிச்சை நோக்கில் இவை வேறுவேறானவை. பிறர் துன்பம் கண்டு நெகிழ்வது இரக்கம். பிறர் இருக்கும் இடத்திலிருந்து அவர்தம் உலகத்தை அறிய முயல்வது ஒத்துணர்வு. வியன்னாவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய ஹெயின்ஸ் கோஹுட் 1959இல் வெளியிட்ட கட்டுரையில், ஒத்துணர்வை உளப்பகுப்பாய்வின் அறிதல் கருவியாகவே வரையறுத்தார். ஒருவர் தம் மனத்தைத் தாமே உள்நோக்கி அறிவது போலப் பிறர் மனத்தை அவர் நிலையில் நின்று அறிவதே அது என்பது அவர் கருத்து. முதலில் புரிந்துகொள்ளுதல், அதன் பின்னரே விளக்குதல் என்னும் வரிசையை அவர் பிற்காலத்தில் வலியுறுத்தினார்.

தோழியின் அறிவுமுறை

இவ்வரிசை தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தலைவியின் களவொழுக்கத்தைத் தோழி உணரும் முறையைத் தொல்காப்பியக் களவியல் விரிவாகக் கூறுகிறது. மேனியின் மணம், தோற்றம், ஒழுகலாறு, உணவில் நேரும் மாற்றம், செய்வதை மறைத்தல், தனித்துச் செல்லுதல், ஓரிடத்தில் பயின்று நிற்றல் என ஏழு வகைக் குறிப்புகள் தோழிக்குச் சான்றுகளாகின்றன. அவற்றைக் கண்டவுடன் தோழி முடிவுக்கு வந்துவிடுவதில்லை. ஐயுற்று, ஆராய்ந்து, தேர்ந்து தெளிகிறாள். தலைவன், தலைவி ஆகியோரின் கருத்தோடு தன் கருத்து ஒன்றுபட உணரும் நிலையை இலக்கணம் மதியுடம்படுதல் என்று பெயரிட்டு மூவகைப்படுத்துகிறது. அவ்வாறு உணர்ந்த பின்னரன்றித் தோழி அடுத்த முயற்சியில் இறங்குவதில்லை என்பதும் அங்கே விதியாகக் கூறப்பெறுகிறது. உணர்தல் முன்னும் செயல் பின்னுமாக அமைந்த இம்முறையைக் கோஹுட் கூறிய வரிசையோடு ஒப்பவைத்து எண்ணலாம். மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பாவும் கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் ஆற்றல் உடையோர்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்குதல் அரிது என்கிறது. ஆகவே, உணர்தல் என்பது எல்லார்க்கும் இயல்பாக வாய்ப்பதன்று என்பது தொல்காப்பியத்தின் துணிபு எனலாம்.

இவ்வொப்பீட்டின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். தோழி செவிலியின் மகள். தலைவியின் இல்லத்தைச் சார்ந்து வாழ்பவள். அகப்பாடலில் கேட்பவள் சொல்பவளைவிடத் தாழ்ந்த நிலையினள். சிகிச்சை அறையிலோ கேட்பவர் கல்வியாலும் பதவியாலும் உயர்ந்தவர். தாழ்ந்த நிலையில் இருப்பவர் உயர்ந்தவரின் முகக்குறிப்பை அறிந்தே வாழ வேண்டியுள்ளது. உயர்ந்தவருக்கு அக்கட்டாயம் இல்லை. எனவே, தோழிக்கு வாழ்க்கை கற்பித்ததைச் சிகிச்சையாளர் முயன்று கற்க வேண்டியுள்ளது.

குறிப்பறிதலின் இரு முகங்கள்

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு அமைந்துள்ளது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம் அரசனின் உள்ளக் கருத்தை முகத்தால் அறியும் அமைச்சனின் திறனைப் பேசுகிறது. காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம் தலைவியின் நோக்கிலிருந்து அவள் உள்ளத்தை அறிவதைப் பேசுகிறது. திறன் ஒன்றே, பயன்படும் களங்கள் வேறு. அரசவையில் அது ஆட்சிக்கும் தற்காப்புக்கும் துணையாகிறது. காதலில் இருவர் உள்ளமும் ஒன்றுபடத் துணையாகிறது. கோஹுட்டும் ஒத்துணர்வு தன்னளவில் நன்மையே என்று கருதவில்லை. நாஜிப் படையினர் தம் குண்டுவீச்சு விமானங்களில் அலறும் ஒலிக்கருவிகளைப் பொருத்தியதை அவர் சான்றாகக் காட்டினார். கீழே இருப்போர் எவ்வாறு அஞ்சுவர் என்பதை உள்நின்று உணர்ந்தவரே அக்கருவியைப் பொருத்த இயலும். ஆதலின், ஒத்துணர்வு எந்நோக்கத்துக்குப் பயன்படுகிறது என்னும் வினாவும் பயிற்சிக்குள் அடங்க வேண்டும்.

மும்பைச் சூழல்

மும்பையில் தமிழர் குடியேற்றம் ஒரே தன்மையுடையதன்று. மாட்டுங்கா, அலுவலகப் பணிகளை நாடி வந்த நடுத்தரக் குடும்பங்களின் குடியிருப்பாக வளர்ந்தது. தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்றோர் தோல் பதனிடும் தொழில் முதலியவற்றில் ஈடுபட்டனர். செம்பூரிலும் தமிழர் மிகுதியாகக் குடியேறினர். அதனை அடுத்த தேவனாரில், 1936இல் தொடங்கப்பெற்ற டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் இயங்கி வருகிறது. சாதி, தொழில், கல்வி ஆகியவற்றால் பிரிந்து நிற்கும் இம்மக்களை மொழி ஒன்றே இணைக்கிறது.

பம்பாய் முதலிய நகரங்களில் உளப்பகுப்பாய்வு முறையில் பணியாற்றிய அமெரிக்கர் ஆலன் ரோலண்ட், 1988இல் வெளியான தம் நூலில் இந்தியரின் 'குடும்பத் தன்னிலை' என்னும் கருத்தை முன்வைத்தார். இங்குள்ளோர் தனித்து நிற்கும் தன்னிலையினும் உறவுகளோடு பிணைந்த தன்னிலையையே பெரிதும் உடையவர். சொல்லாமலே பிறர் உள்ளத்தை உணரும் ஆற்றல் அவர்களிடம் மிகுதி என்பது அவர் முடிபு. இது போற்றத்தக்க கருத்தே. எனினும் சொல்லாமலே உணரும் வழக்கம் உறவின் எல்லைக்குள் செயற்படுவது. சாதியின் எல்லையைத் தாண்டும்போது அது தடுமாறுகிறது.

'வயிறு எரிகிறது' என்று ஒரு தாராவிப் பெண் கூறுவதாகக் கொள்வோம். தமிழறியாத மருத்துவர் அதனைச் செரிமானக் கோளாறாகக் குறித்துக்கொள்ளக்கூடும். தமிழறிந்தவர் அதில் பொறாமையோ, நீதி கிடைக்காத ஆற்றாமையோ இருக்கலாம் என உணர்வார். இங்கே தாய்மொழி துணையாகிறது. ஆனால் 'ஊருக்குப் போக வேண்டும்' என்று அதே பெண் கூறினால் நிலைமை மாறுகிறது. மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ச் சிகிச்சையாளர் அதனைப் பிறந்த மண்ணின் ஏக்கமாக உடனே கொள்ளக்கூடும். தென்மாவட்டக் கிராம வழக்கில் ஊர் என்பதும் சேரி என்பதும் வேறுவேறு இடங்கள். சேரியில் பிறந்தவர்க்கு ஊர் என்னும் சொல் ஏக்கத்தோடு விலக்கப்பட்ட நினைவையும் உடன்கொண்டு வருவது. அவர் எந்த ஊரைச் சொல்கிறார், அங்கே எந்தத் தெருவைச் சொல்கிறார் என்று கேட்டறியாத வரை கேட்பவர் தம் ஊரையே அவர் சொல்லில் காண்கிறார். மொழி தெரியாதவர் தாம் அறியாததை அறிவார். மொழி தெரிந்தவரோ அறிந்ததாகவே எண்ணிவிடுவார். பின்னதே மிகுந்த கவனத்துக்குரியது.

ஒத்துணர்வின் தோல்வி: அம்பையின் சிறுகதை

மும்பையில் வாழும் எழுத்தாளர் அம்பை, 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அவரது 'அம்மா ஒரு கொலை செய்தாள்' ஒத்துணர்வின் தோல்வியைக் காட்டும் சிறந்த சிறுகதையாகும். பூப்பெய்திய சிறுமி, அச்சமும் குழப்பமும் சூழ, ஊர் சென்றிருக்கும் தாய்க்காகக் காத்திருக்கிறாள். தாய் ஒருத்தியே தன்னை உணர்வாள் என நம்புகிறாள். உறவுப் பெண்ணின் வரன் கைகூடாத கவலையோடு திரும்பிய தாய் உதிர்க்கும் சொல் அந்நம்பிக்கையை அழித்துவிடுகிறது. இக்கதையைத் தாய்-மகள் சிக்கல் என்று பெயரிட்டு முடிப்பது எளிது. ஆனால் அத்தாய் கொடியவள் அல்லள். கரிய நிறத்துப் பெண்ணின் மணவாழ்வு குறித்த அச்சம் அவள் மனத்தை முழுதும் நிறைத்திருக்கிறது. தன் அச்சத்தால் நிறைந்த மனத்தில் பிறர் அச்சத்துக்கு இடமில்லை. மகளின் வலியையும் தாயின் அச்சத்தையும் ஒருசேர ஏற்கும் இடத்தில் வாசகர் நிறுத்தப்பெறுகிறார். சிகிச்சையாளர் நிற்க வேண்டிய இடமும் அதுவே.

பயிற்சியில் ஒத்துணர்வு

கேட்பவரின் மனம் தன் அச்சங்களால் நிறைந்துவிடாமல் காப்பதற்கெனவே உளப்பகுப்பாய்வுப் பயிற்சி வடிவமைக்கப்பெற்றது. 1920இல் பெர்லினில் தொடங்கிய மருத்துவகத்தை ஒட்டி வளர்ந்த முறை மூன்று கூறுகளை உடையது: பயில்பவர் தாமே பகுப்பாய்வுக்கு உட்படுதல், மூத்தவரின் மேற்பார்வையில் சிகிச்சை அளித்தல், கோட்பாட்டுக் கல்வி. இந்தியாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். இத்தாலிய அறிஞர் எமிலியோ செர்வாதியோ, பாசிச அரசின் இனச் சட்டங்களால் 1938இல் பம்பாய்க்கு வந்து இத்துறைக்குத் துணைநின்றார். 1950இல் பவுலா ஹைமன், சிகிச்சையாளரிடம் எழும் உணர்வை விலக்க வேண்டிய தடையாகக் கொள்ளாமல், நோயாளியை அறியும் கருவியாகக் கொள்ளலாம் என்றார். அக்கருவி நம்பத்தக்கதாக அமைய, அதில் எது நோயாளியுடையது, எது தம்முடையது என்று பிரித்தறியும் பயிற்சி தேவை. மும்பைத் தமிழ்ச் சூழலில் தம்முடையது என்பதில் சாதியும் தெருவும் அடங்கும். மேற்பார்வை இவற்றை வெளிப்படையாக வினவாவிடின் பயிற்சி முழுமை பெறாது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்துச் சில கருத்துகள் புலனாகின்றன. ஒத்துணர்வு இரக்கத்தின் மறுபெயர் அன்று. அது ஐயுற்றுத் தெளிய வேண்டிய அறிவுமுறை. தொல்காப்பியத் தோழியும் குறளின் இரு அதிகாரங்களும் அதன் படிநிலைகளையும் நோக்க வேறுபாட்டையும் உணர்த்துகின்றன. ஒரே மொழி பேசுவதால் மட்டும் ஒருவரை அறிந்துவிட இயலாது. தமிழ் உளவியல் திறனாய்வு பாத்திரங்களுக்கு நோய்ப்பெயர் சூட்டுவதைக் கடந்து, யார் கேட்கிறார், எந்நிலையில் இருந்து கேட்கிறார் என்பதையும் ஆராயத் தொடங்குமாயின், சிகிச்சைத் துறைக்குத் தமிழியல் வழங்கக்கூடிய பங்கு பெரிதாக அமையும். சொல்லின் பொருள் சொல்பவரின் நிலத்தோடு மாறும் என்பதைத் திணைக் கோட்பாட்டின் வழி அறிந்த மரபுக்கு அஃது அரிய செயலன்று.