சராசரித் துகள் சங்கிலி கட்டுமா?

நெரவியில் வீடு கட்ட இறக்கிய மணல் குவியலுக்குள்ள பழைய ஸ்பீக்கர் காந்தத்தை விட்டு இழுக்காத பையன் இருக்க மாட்டான். கருப்புத் துகள்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து மயிர் மயிராக நிற்கும். அதில் மேக்னடைட் நிறைய. அதே மேக்னடைட் சில நானோமீட்டர் அளவில் திரவத்தில் மிதந்தால்?

அப்போதும் சங்கிலி கட்டலாம், வெளிக் காந்தப்புலம் இல்லாமலேகூட என்று 1970-ல் டி ஜென்னும் பிங்கஸும் எழுதினார்கள். ஒரே நிபந்தனை, துகள்களின் இழுப்பு வெப்ப ஆட்டத்தை ஜெயிக்கணும். 2003-ல் நெதர்லாந்துக் குழு ஒன்று இரும்புத் துகள் திரவத்தை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தது. சிறிய துகள்கள் தனித்தனியே கிடந்தன. பெரியவை பாலிமர் மாதிரி வளைந்து நெளிந்த சங்கிலிகளாக இருந்தன.

இப்போ நம்ம கரைக்கு வருவோம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஜான் பிலிப், ஷீமா, பல்தேவ் ராஜ் மூவரும் 2007-ல் வெளியிட்ட கட்டுரை: சராசரி 6.7 நானோமீட்டர் மேக்னடைட் துகள்கள், கன அளவில் 6.3 சதவீதம். காந்தப்புலம் கொடுத்ததும் வெப்பக் கடத்துத்திறன் 300 சதவீதம் கூடியது, அதாவது நாலு மடங்கு. காரணம், துகள்கள் கட்டிய சங்கிலி வழியே வெப்பம் ஓடுகிறது என்கிறார்கள்.

அளவீடு அருமை. அந்தக் காரணத்தில்தான் எனக்கு இடிக்குது. முழுக்கக் காந்தமேறிய இரண்டு 6.7 நானோமீட்டர் துகள்கள் நேர்வரிசையில் ஒட்டி நின்றால் இழுப்பாற்றல் எவ்வளவு? அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலில் சுமார் 0.8 பங்குதான். துகள்மேல் இருக்கும் பூச்சின் கனத்தையும் சேர்த்தால் இன்னும் குறையும். அப்படிச் சேர்ந்த ஜோடி நிற்காது, ஆட்டத்தில் பிரிந்துவிடும். ஆனால் விட்டம் இரட்டித்தால் இழுப்பு எட்டு மடங்கு, 6-ஐத் தாண்டும். அப்போ சங்கிலி கட்டுவது யார்? கூட்டத்தில் கலந்திருக்கும் சில பெரிய துகள்களா, முன்பே ஒட்டிக்கொண்ட திரளைகளா? சாதாரண நுண்ணோக்கியில் தெரியும் கோடும் ஒற்றைத் துகள் சங்கிலியாக இருக்க முடியாது. அது ஆயிரக்கணக்கில் சேர்ந்த தூண்.

இது சொல் சண்டை இல்லீங்க. இந்தத் திரவத்தைக் குளிரூட்டியாக ஓடவிடணும்னா, பெரிய துகளும் திரளையும் அடியில் தங்கும், சங்கிலி நீளநீள பாகுநிலையும் ஏறும். வெப்பம் புலத்தின் திசையிலேயே போனால்தான் அந்த நாலு மடங்கும் கிடைக்கும். அதனால் இந்த வகைக் கட்டுரை எதைப் படித்தாலும் சராசரி விட்டத்தை விட்டுவிட்டு, அளவுப் பரவலின் வால் எவ்வளவு நீளம்னுதான் நான் முதலில் தேடுகிறேன்.