இடது காலுக்கு ஒரு நியாயம்

சூப்பீரியர் டிரம்மர் 3 என்ற டிரம் மென்பொருளின் ஒலிக் கிடங்கு 230 ஜிபிக்கு மேல். ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் மாசன்பர்க் பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டூடியோவில் பதிவு செய்து கொடுத்தது. அதைத் திறந்ததும் எல்லாரும் முதலில் தட்டிப் பார்ப்பது ஸ்னேரைத்தான். அடுத்து கிக். பிறகு ரூம் மைக்கை ஏற்றி இறக்கி ஒரு பரவசம். நான் நேராக ஹைஹேட்டுக்குப் போவேன். ஸ்டிக்கைத் தொடாமல் இடது காலால் பெடலை மட்டும் மிதித்துப் பார்ப்பேன். மெல்ல மிதித்தால் ஒரு 'சிக்', அழுத்தி மிதித்தால் ஒரு 'சிக்', மிதித்த வேகத்தில் காலை எடுத்தால் 'ஷ்ஷ்' என்று சிதறும் ஸ்பிளாஷ். இந்த மூன்றும் மூன்றாகவே கேட்டால் அந்த லைப்ரரியை நம்பி உட்காரலாம்.

எலெக்ட்ரானிக் கிட்டில் ஸ்னேரின் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிட்டது. மெஷ் ஹெட்டில் விழும் அடியின் பலத்தை 127 படிகளில் சொல்ல முடிகிறது. போதுமான வெலாசிட்டி லேயர்களும் ரவுண்ட் ராபினும் இருந்தால், கோஸ்ட் நோட்டுகள்கூட நம்பும்படி வந்துவிடுகின்றன. கிக் அதைவிடச் சுலபம். இரண்டிலும் அடி விழுந்த கணத்தோடு வாசிப்பவரின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். ஹைஹேட்டில் அப்படி இல்லை. கை அடித்து முடித்த பிறகும் கால் அந்த ஒலியை வளைத்துக்கொண்டே இருக்கிறது. சாம்பிளோ, அடித்த நொடியில் பெடல் எங்கே இருந்ததோ அந்த நிலையில் பதிவானது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு மென்பொருள் எப்படிக் கடக்கிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை முழுப் பரீட்சையும்.

என் மனம் லயிப்பது ஒரே இடத்தில். இறுக்கமாக மூடிய ஹைஹேட்டுக்கும் திறந்ததற்கும் நடுவே, மேல் தட்டும் கீழ்த் தட்டும் உரசிக்கொள்ளும் அந்த மயிரிழை இடம். ஒருக்களித்த கதவு மாதிரி, திறந்ததும் இல்லை, சாத்தியதும் இல்லை. ஒரு ராக் பாட்டின் கோரஸைத் தூக்கி நிறுத்தும் அந்தக் கொதிப்பு அங்கேதான் பிறக்கிறது. நல்ல லைப்ரரி இந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே படிப்படியாகப் பல நிலைகளைப் பதிவு செய்து வைத்திருக்கும். சுமாரானது 'மூடியது', 'பாதி', 'திறந்தது' என்று மூன்றோடு நிறுத்திக்கொள்ளும். பத்து ஸ்னேர் கொடுத்து ஹைஹேட்டில் சிக்கனம் பிடிப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

லைப்ரரி நன்றாக இருந்தும் அந்த இடம் கிடைக்காமல் போவது உண்டு. பெடலின் நிலை சிசி 4 என்ற மிடி செய்தி வழியாக வருகிறது. ரோலாண்டின் சில மாட்யூல்களில் அமைப்பைப் பொறுத்து அது 127 வரை ஏறாமல் 90இலேயே நின்றுவிடும். மென்பொருள் 127ஐ எதிர்பார்த்துக் காத்திருந்தால் எவ்வளவு மிதித்தாலும் ஹைஹேட் முழுதாக மூடாது. விளிம்பில் அடித்தால் ரோலாண்ட் அனுப்பும் 22, 26 என்ற நோட்டுகள் பொதுவான ஜெனரல் மிடி வரைபடத்தில் ஹைஹேட்டுக்கு உரியவை அல்ல. மேப்பிங்கைச் சரிசெய்யாதவருக்கு விளிம்பு ஊமையாகிவிடும். அவர் சாஃப்ட்வேர் மோசம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அரை மணி நேரம் உட்கார்ந்து மேப்பிங்கையும் பெடலின் மறுமொழி வளைவையும் திருத்தினால் அதே லைப்ரரி வேறு உயிர் பெறும்.

இதற்கெல்லாம் எனக்கு உரைகல் இரண்டு பேர். கவுன்ட் பேஸி குழுவில் காலப்பிரமாணத்தையே ஹைஹேட்டுக்கு மாற்றிக் கொண்டுவந்த ஜோ ஜோன்ஸ் ஒருவர். திறந்து மூடும் அந்த மூச்சில் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவே மிதக்கும். இன்னொருவர் தி போலீஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட். 1979இல் வந்த 'ரெகாட்டா டி பிளாங்க்' தொகுப்பை ஹெட்ஃபோனில் ஓடவிட்டு, கூடவே எலெக்ட்ரானிக் கிட்டில் வாசித்துப் பாருங்கள். ஹைஹேட்டில் அவர் தெளிக்கும் சின்னச் சின்ன அழுத்தங்களை உங்கள் பெடலும் லைப்ரரியும் எவ்வளவு தூரம் பின்தொடர்கின்றன என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். லேட்டன்சியும் அங்கேதான் அம்பலமாகும். 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் என்றால் ஏறத்தாழ 1.3 மில்லி செகண்ட். மாட்யூலும் இன்டர்ஃபேஸும் எடுக்கும் நேரம் தனி. அசல் கிட்டிலும் ஒலி ஒரு மீட்டர் காற்றைக் கடந்து காதுக்கு வர 3 மில்லி செகண்ட் ஆகிறது என்பதால் சிறு தாமதத்தைக் கை பொறுத்துக்கொள்கிறது. பஃபரை 256க்கு ஏற்றினாலோ, கிக்கில் உறைக்காத தாமதம் ஹைஹேட்டின் சிக்ஸ்டீன்த் நோட்டுகளில் உறைக்கும்.

மாட்யூலுக்குள் இருக்கும் ஒலியே போதும் என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். மேடையில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கணினி நின்றுபோகும் பயம் இல்லை, பெடலுக்கும் ஒலிக்கும் நடுவிலான பொருத்தமும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு அறையில் நிஜ உலோகம் அதிர்ந்த காற்று அதில் இல்லை. பதிவுக்கு என்று வரும்போது என் காது அதை ஏற்க மறுக்கிறது. டிரம் கிட்டே எதற்கு, மவுஸால் வரைந்தால் போதாதா என்பவர்கள் மெஷுகா குழுவைக் காட்டுவார்கள். 2005இல் வந்த 'கேட்ச் தர்ட்டித்ரீ' தொகுப்பின் டிரம்ஸ், டிரம்கிட் ஃப்ரம் ஹெல் என்ற லைப்ரரியின் ஒலிகளை வைத்து நிரல்படுத்தியதுதான். அது கலை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒலிகளை அடித்துக் கொடுத்ததே அந்தக் குழுவின் டிரம்மர் டோமஸ் ஹாக்கேதான். எந்த அடி எங்கே விழ வேண்டும் என்பது உடம்பில் ஊறிய ஒருவரின் இசைக்காக எழுதிய நிரல் அது. காலே வைக்காதவர் வரையும் ஹைஹேட் வரிசையில் அந்த அறிவு எங்கிருந்து வரும்?

நான் வளர்ந்த ஊரில் திருவிழாவுக்கு லைட் மியூசிக் குழு வந்தால் மேடையின் ஓரமாகப் போய் நின்றுகொள்வேன். சரணம் முழுக்க ஹைஹேட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் டிரம்மர், பல்லவி திரும்பும் இடத்தில் காலைக் கொஞ்சமே தளர்த்துவார். பாட்டு தானாக மேலே எழும். பிறகு ஆக்டாபேட் வந்தது. தூக்கிப்போக வசதி, ஒலிகளும் ஏராளம், அதன் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் ஸ்டாண்டில் அதை மாட்டி நின்றபடி வாசிக்கத் தொடங்கியதும் இடது காலுக்கு வேலை போனது. பெடலை இணைக்க வழியுள்ள மாடல்கள் பிறகு வந்தும் பெடலோடு வருபவரை மேடையில் அபூர்வமாகவே பார்க்கிறேன். இன்று ஸ்டூடியோக்களிலிருந்து வெளிவரும் பல பாடல்களில் ஹைஹேட் ஒரே வெலாசிட்டியில், ஒரே நிலையில், கட்டத்துக்குள் ஒட்டவைத்தது போல ஓடுகிறது. அத்தனை ஜிபி ஒலியிலிருந்து இரண்டே சாம்பிளை எடுத்து மூன்று நிமிடம் ஓட்டுகிறார்கள்.

இன்னொரு எக்ஸ்பான்ஷன் வாங்க வைத்திருக்கும் பணத்தை ஹைஹேட்டுக்குச் செலவிடுங்கள் என்பேன். தனி ரப்பர் பேடும் தனி பிளாஸ்டிக் பெடலுமாக வரும் ஏற்பாட்டில் கால் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் பாதிதான் பேச முடியும். ரோலாண்டின் விஎச்-13 போல மேல் தட்டும் கீழ்த் தட்டுமாக நிஜ ஸ்டாண்டிலேயே உட்காரும் ஒன்றை மாட்டி, வளைவைப் பொறுமையாகத் திருத்திப் பழகுங்கள். ஸ்னேரையும் கிக்கையும் மிக்ஸ் செய்பவர் பிறகு தன் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம், பலரும் மாற்றவே செய்கிறார்கள். மூடலுக்கும் திறப்புக்கும் நடுவே உங்கள் கால் எடுத்த முடிவை வேறு யாராலும் பிற்பாடு சேர்க்க முடியாது.