இலவசக் கல்வியும் தோட்டப் பாடசாலையும்: ஒரு விமர்சன நோக்கு

கல்வி பற்றிய தமிழ்க் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருவோர் ஒன்றைக் கவனித்திருத்தல் கூடும். அவற்றுட் பல பல்கலைக்கழக வாயிலிலே தொடங்கி அவ்வாயிலிலேயே முடிந்து விடுகின்றன. 1971இல் மொழி அடிப்படையிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், 1974இல் வந்த மாவட்டப் பங்கீடு, அவற்றால் மருத்துவ, பொறியியற் பீடங்களில் இடமிழந்த மாணவர் ஆகியன பற்றி நாம் நிறையவே எழுதியுள்ளோம். அவ்வெழுத்து அவசியமானது. ஒரே பரீட்சைக்குத் தோற்றிய இருவருக்கு, அவர்கள் விடையெழுதிய மொழியைக் கொண்டு வெவ்வேறு வெட்டுப்புள்ளி விதித்தமை அநீதி என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயின், அந்தப் பரீட்சை மண்டபம் வரை வந்து சேராத பிள்ளை இவ்விவாதத்தில் எங்கே நிற்கின்றது என்ற வினாவை நாம் அரிதாகவே எழுப்பினோம். மலையகத் தோட்டப் பாடசாலை நமது கல்விச் சிந்தனையில் ஓர் அடிக்குறிப்பாகவே இருந்து வந்துள்ளது. நாம் நுழைந்த வாயிலே நமக்குத் தெரிந்த வாயில் என்பது இதற்கொரு விளக்கமாகலாம், நியாயமாகாது.

இலவசக் கல்வி பற்றிய நமது புகழுரைகளையும் இவ்விடத்து மீளப் பார்க்க வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபரிலிருந்து பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. மத்திய கல்லூரிகளினூடாகக் கிராமத்துப் பிள்ளைகள் பெற்ற உயர்வை எவரும் மறுக்க இயலாது. எனினும், அன்று இலவசமாக்கப்பட்டது யாது? சுயமொழிப் பாடசாலைகளில் அதற்கு முன்னரும் கட்டணம் அறவிடப்படவில்லை. கட்டணம் இருந்தது ஆங்கிலப் பாடசாலைகளிலே. ஆகவே 1945இன் பெரும்பேறு இடைநிலைக் கல்வியின் மேற்படிகளுக்கே உரியதாயிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட தோட்டப் பள்ளிக்கூடத்தின் பிள்ளைக்கோ அப்படிகளைச் சென்றடைய ஏணியே இருக்கவில்லை. ஏறமுடியாத மாடியில் விருந்து இலவசம் என்று அறிவித்தது போன்றது இது.

தோட்டப் பாடசாலை எந்நோக்கத்தோடு பிறந்தது என்பதைச் சட்டங்களே கூறுகின்றன. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும், ஆறு முதற் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தின. பத்து வயது என்பது, கொழுந்துக் கூடையோடு மலையேறத் தொடங்கத்தக்க வயதுமாகும். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் பெயரெழுதவும் கற்ற தொழிலாளி தோட்டத்துக்குப் போதுமானவன். அதற்கு மேற் கற்றவன் தொல்லையானவன். ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு என்ற அமைப்பை வறுமையின் விளைவென்று மட்டும் கொள்வது சரியன்று. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் தத்தம் இடத்தில் நிலைத்திருக்க வேண்டுமாயின், லயத்துப் பிள்ளையும் தன் இடத்தில் நிலைத்திருத்தல் வேண்டும். அப்பாடசாலை இக்கடமையைச் செவ்வனே ஆற்றியது.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இப்பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோது தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1964இன் ஒப்பந்தத்தின் பின்னர், கப்பலேறவுள்ள பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்ற மனோபாவம் வலுப்பெற்றிருக்கும் என ஊகித்தல் தவறாகாது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பிறகே, எழுபதுகளின் பிற்பகுதியில், பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து முப்பதாண்டுகளுக்கு மேற் கழிந்திருந்தன. ஒரு தலைமுறை முழுமையாக இடையில் வீழ்ந்துவிட்டது.

இத்தலைமுறையின் பிள்ளைகளுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று கூறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்களுக்கு அட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியே விடையாகும். அறுபதுகளில் இர. சிவலிங்கம், எஸ். திருச்செந்தூரன் முதலிய ஆசிரியர்கள் அங்கே ஒரு மாணவர் பரம்பரையை உருவாக்கினர். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், தொழிற்சங்கவாதிகள், பல்கலைக்கழகம் புகுந்தோர் எனப் பலர் அதிலிருந்து தோன்றினர். மலையகம் என்ற சொல்லே ஒரு சமூகத்தின் தன்னுணர்வாக மாறியதில் அப்பரம்பரைக்குப் பெரும் பங்குண்டு. வகுப்பறையில் நடந்தது பாடப் போதனை மாத்திரமன்று; லயத்திலிருந்து வந்தவன் தன் பிறப்பிடத்தைச் சொல்ல நாணாதிருக்கக் கற்றதும் அங்கேதான். உயர்வகுப்புகளும் நல்லாசிரியரும் உள்ள ஒரு கல்லூரி இவ்வளவு செய்யுமாயின், நாட்டம் இல்லாதிருந்தது பிள்ளைகளிடமா, கல்லூரிகளை அமைத்திருக்க வேண்டியவர்களிடமா?

பின்னர் வெளிநாட்டு உதவி வந்தது. எண்பதுகளில் சுவீடனின் உதவியோடு கட்டடங்கள் எழுந்தன; ஜேர்மனியின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. மலையக இளைஞர் பலர் ஆசிரியராயினர். இவை மெய்யான முன்னேற்றங்களே. ஆனால் ஏற்றத்தாழ்வு மறையவில்லை, வேறிடத்துக்குப் பெயர்ந்தது. நமது பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை இரண்டு, வகை மூன்று எனத் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி பாடசாலையில் மட்டுமே உண்டு. 1சி பாடசாலையிற் கலையும் வர்த்தகமும் உண்டு. வகை இரண்டு பதினோராம் தரத்தோடு முடியும். வகை மூன்று அதற்கும் கீழே. தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பான்மையானவை இறுதி இரு வகைகளைச் சேர்ந்தவை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் இதற்கு மாற்று வழி எனப்படுகிறது. அப்பரீட்சை ஒரு சிலரைத் தெரிந்தெடுத்து வெளியே அழைத்துச் செல்கிறது. எஞ்சிய வகுப்பறை எவ்விதமிருந்ததோ அவ்விதமே இருக்கிறது.

2014, 15ஆம் ஆண்டுகளில் இப்பாடசாலைகளுக்கு 'ஆசிரிய உதவியாளர்' என்ற பெயரில் இளைஞர் சேர்க்கப்பட்டனர். முதலில் மாதம் ஆறாயிரம் ரூபாவும் பின்னர் பத்தாயிரம் ரூபாவும் அவர்களுக்குரிய கொடுப்பனவாயிருந்தன. உதவியாளர் என்ற சொல், உதவி பெறுவதற்கு ஓர் ஆசிரியர் அங்கிருக்கிறார் என்று கருத வைக்கும். பல வகுப்பறைகளில் அவரே ஆசிரியர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக 2021இல் உயர்வதற்கே நெடுங்காலம் போராடிய பெற்றோர், பாடசாலையில் இல்லாத இரசாயனவியலை நகரத்துத் தனியார் வகுப்பிலே காசு கொடுத்து வாங்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகின்றனர்.

இந்நிலையில், கலைப்பீடங்களில் மலையக மாணவர் தொகை பெருகியிருப்பதை வளர்ச்சியின் சான்றாக நாம் எடுத்துக் காட்டி வருகிறோம். வளர்ச்சிதான். ஆயின் அம்மாணவருள் எத்தனை பேர் கலையை விரும்பித் தெரிவு செய்தனர், எத்தனை பேர் தம் மலைக்கு அருகே விஞ்ஞானப் பிரிவு இல்லாமையாற் கலைக்கு வந்து சேர்ந்தனர் என்று அவர்களிடமே கேட்டறிந்து எழுதும் கட்டுரையை நமது சஞ்சிகைகள் அரிதாகவே வெளியிட்டுள்ளன. கேட்பதற்கு நாம் மலையேற வேண்டியதுமில்லை. அவர்கள் இதே விரிவுரை மண்டபங்களில் இருக்கின்றனர்.