சொற்பிறப்பும் சாத்திர வழக்கும்

ஒரு சொல்லின் பகுதியை அறிந்தார் அச்சொல்லாற் சுட்டப்படும் பொருளையும் அறிந்தாராவர் என்பது பலர்க்கு உடன்பாடாயிருக்கின்றது. இக்கொள்கை மருத்துவம், பௌதிகம் முதலிய மேனாட்டுக் கலைச்சொற்களிடத்துப் பெரிதும் பிழைபடுகின்றது. அப்பிழை சைவ சாத்திரப் பொருளுணர்ச்சியிலும் புகுந்து இடர் விளைத்தலின், அதனை ஈண்டு ஆராய்தல் வேண்டற்பாலது.

காரணப்பெயர் அக்காரணம் உள்ள பொருள் எல்லாவற்றிற்குஞ் செல்லும். அங்ஙனஞ் செல்லாது ஒன்றற்கே உரித்தாய் நிற்பதனைக் காரணவிடுகுறி என்பர். பங்கசம் என்பது சேற்றிற் பிறப்பது எனப் பொருள்படினும், சேற்றிற் பிறக்கும் பிறவற்றைச் சுட்டாது தாமரையையே சுட்டும். மேனாட்டுக் கலைச்சொற்கள் சிலவோ, காரணம் பொய்யெனத் தெளியப்பட்ட பின்னரும் பெயரளவில் நிலைபெற்றுள்ளன.

மலேரியா என்னும் இத்தாலியச் சொற்குத் தீய காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்தினின்றெழும் காற்றே அந்நோய்க்குக் காரணமென்று முன்னோர் கருதினர். 1880-இல் லாவரான் என்பார் அல்ஜீரியாவில் நோயாளர் குருதியில் அந்நோய்க்கிருமியைக் கண்டார். 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் அதனைக் கொசுவின் வயிற்றிற் கண்டார். காற்றின்மேல் ஏற்றிய பழி நீங்கிற்று, பெயர் நீங்கிற்றிலது.

ஆர்ட்டரி என்னுங் கிரேக்கச் சொல் மூச்சுக்குழற்கும் குருதிக்குழாய்க்கும் பொதுவாய் நின்றது. இறந்தாருடலில் அக்குழாய்கள் குருதியின்றிக் காணப்பட்டமையின், அவை காற்றைச் சுமப்பன என்று பண்டை மருத்துவர் சிலர் கொண்டனர். அவற்றுள் இயங்குவது குருதியே என 2-ஆம் நூற்றாண்டிற் கேலன் என்பார் நிறுவினார். அதற்கு நேராக இன்று வழங்கும் தமனி என்னும் வடசொல்லும் ஊதுதல் என்னும் பொருளுடைய தாதுவிற் பிறந்ததே. இரு நாட்டுச் சொற்பகுதியும் காற்றைக் காட்ட, பொருளோ குருதி வழியாயிற்று.

இனி, ஆக்சிஜன் என்பதற்குப் புளிப்பைப் பிறப்பிப்பது என்பது பகுதிப்பொருள். அமிலம் அனைத்திற்கும் அதுவே முதலென்று எண்ணிய லவாசியர் அப்பெயரிட்டார். 1810-இல் டேவி என்பார், உப்பினின்று பெறப்படும் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லையெனக் காட்டினார். பெயர் பின்னும் நிலைத்தது.

தமிழில் அதற்குப் பிராணவாயு எனப் பெயரிட்டமையே ஈண்டுப் பெரிதும் ஆராயத்தக்கது. பிராணன் என்பது உடலினுள் நின்று தொழில்புரியும் தசவாயுக்களுள் ஒன்று. ஆக்சிஜனோ காற்றில் ஐந்திலொரு பங்காய் நிற்றலேயன்றி, நீரின் எடையில் ஒன்பதில் எட்டுக் கூறாயும், கல்லினும் மண்ணினும் ஏறக்குறையப் பாதியாயும் உள்ளது. கல்லிற் கிடப்பதனைப் பிராணனென்று கோடல் எங்ஙனம்? பெயரொப்புமை பற்றி, யோகநூலார் இவ்வாயுவை அன்றே அறிந்தனர் என்றெழுதுவார் அந்நூலையும் அறிந்திலர், இக்கலையையும் அறிந்திலர்.

அணு என்னுஞ் சொல்லின்கண் விளையுங் கேடு இதனினும் பெரிது. பகுக்கப்படாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று மேனாட்டார் தம் அணுவிற்குப் பெயர் கொண்டனர். 1897-இல் தாம்சன் எலக்ட்ரானையும், 1911-இல் ரதர்போர்டு அணுவின் உட்கருவையும் கண்டபின், பகுக்கப்படாதது பகுக்கப்படுவதாயிற்று. சிவாகமங்களிலோ அணு என்பது உயிர்க்கும் ஒரு பெயர். வியாபகமாகிய உயிர் ஆணவமலத்தாற் சுருக்குண்டு அணுத்தன்மை எய்தினாற்போல நிற்றலின் அப்பெயர் பெற்றது. அளவாற் சிறிதாதல் பற்றியன்று. உயிர் அணுவளவிற்றென்பது சித்தாந்தம் மறுக்கும் புறக்கொள்கை. இவ்வேறுபாடு நோக்காது, ஆகமம் அன்றே அணுவாராய்ச்சி கூறிற்று எனக் களிப்பார், சமயத்திற்குப் பெருமை தேடுவதாக எண்ணிச் சித்தாகிய உயிரைச் சடமாக்கிவிடுகின்றனர். பிறர் மறுத்தலினும் தம்மவர் புகழ்ந்து சிதைத்தல் கொடிது.

அற்றேல், பகுதியாராய்ச்சி பயனில்லதோ எனின், அன்று. பெயரிட்டார் அன்று எவ்வாறு கருதினர் என்பதனை அது காட்டும். பொருளின் இயல்பு இன்னதென்பதனை அந்தந்தச் சாத்திரத்தின் இலக்கணமே காட்டும். முன்னையது வரலாறு, பின்னையது பிரமாணம்.

ஆகலின், புதுக் கலைச்சொல் ஆக்குவார் சாத்திரங்களில் முன்னரே பொருள் வரையறைப்பட்ட சொற்களை எடுத்தாளுமிடத்து மிக விழிப்புடையராதல் வேண்டும். பிராணன் என்பதனினும் ஆக்சிஜன் என்னும் பிறமொழிச்சொல்லே தீங்கற்றது. அறியாதார்க்கு அது பொருள் விளக்காதாயினும், அறிந்தாரை மயக்காது. சாத்திரம் ஓதுவாரும், வழக்கிற் கேட்ட பொருளை நூலின்மேலேற்றாது, அந்நூல் கூறும் இலக்கணம் பற்றியே சொற்குப் பொருள் கொள்க. அதுவே ஆசிரியர் கருத்துணர்தற்கு வாயிலாம்.