பிறப்பைத் திருத்துதல்: முத்துப்பட்டன் கதையை முன்வைத்துச் சில கேள்விகள்

எம்.ஏ. படிக்கும்போது முத்துப்பட்டன் கதை எங்களுக்கு நாட்டார் இலக்கியத் தாளில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்தது. ‘சாதி ஒழிப்பைப் பாடும் கதைப்பாடல்’ என்று எழுதினால் மூன்று கிடைக்கும். நா. வானமாமலையின் பதிப்பைக் குறிப்பிட்டால் ஐந்தும் கிடைக்கும். அதற்குப் பல வருஷம் முன்பே அதை எங்கள் பக்கத்துக் கொடையில் வில்லுப்பாட்டாகக் கேட்டிருந்தேன். கேட்ட கதைக்கும் எழுதிய விடைக்கும் நடுவில் இருந்த தூரம்தான் இந்தக் கட்டுரை.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு அண்ணன் தம்பிகளில் இளையவனான பிராமணன் முத்துப்பட்டன், பொதிகை மலைக் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியச் சகோதரிகளைப் பார்த்து ஆசைப்படுகிறான். அவர்களுடைய தகப்பன் வாலப்பகடை. ‘நாங்கள் செத்த மாடு தின்கிறவர்கள், தோலோடு புழங்குகிறவர்கள், இது வேண்டாம் சாமி’ என்று பயந்து மறுக்கிறான். பட்டன் விடவில்லை. அப்படியானால் குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தைத்துக்கொண்டு வா என்கிறான் பகடை. அண்ணன்மார் பூட்டிவைத்த அறையிலிருந்து தப்பி வந்து, பட்டன் அத்தனையும் செய்கிறான். கல்யாணம் முடிந்த ராத்திரியே மாடு பிடிக்கக் கள்ளர்கள் வருகிறார்கள். போய்ச் சண்டையிட்டு ஜெயித்து, கடைசியில் ஒளிந்திருந்த ஒருவன் கையால் குத்துப்பட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். இன்று பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயன்.

சர்ச்சை எங்கே இருக்கிறது? பெண்களின் பிறப்பில். பாடப்படும் வடிவங்கள் சிலவற்றில், பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியருக்குப் பிறந்தவர்களே அல்ல. பிராமண வயிற்றில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு முன்கதை வருகிறது. 1970களின் தொடக்கத்தில் இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா.வா., இது பிற்காலத்து இடைச்செருகல், மேல்சாதியாரைச் சமாதானப்படுத்தச் சேர்க்கப்பட்டது என்று வாதிட்டார். அந்த வாதத்தின் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் செருகலைக் கண்டுபிடித்து வெட்டியெடுத்துவிட்டால் தூய ‘மூலம்’ ஒன்று கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறை ஆய்வுகளில் தொடர்ந்து ஓடுகிறது. அங்கேதான் எனக்குத் தயக்கம். வாய்மொழிப் பிரதிக்கு நல்ல குலத்து மூலம் தேடுவதும் அந்தப் பெண்களுக்கு நல்ல குலத்துத் தாய் தேடுவதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள் இல்லையா? இரண்டுமே பிறப்பு சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம் சரி என்கின்றன.

எனவே எது முந்தியது என்பதை விட்டுவிட்டு, செருகல் என்ன வேலை செய்கிறது என்று கேட்கலாம். இந்தக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியாது. பக்கத்தில் இரண்டு கதைகளை வைக்க வேண்டும். மதுரை வீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பிறந்தது காசி ராஜாவுக்கு. கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படமும் அந்த அரச பிறப்பை விட்டுவிடவில்லை. ஆரியமாலை என்ற பிராமணப் பெண்ணைக் கவர்ந்த காத்தவராயனோ, சாபத்தால் மண்ணுக்கு வந்த சிவன் மகன். ஆக இந்த மூன்று கதைகளிலும் சாதி தாண்டிய உறவு ஒன்று இருக்கிறது. மூன்றிலும் ஒரு பிறப்பு திருத்தப்படுகிறது. யாருடைய பிறப்பு? மூன்றிலும் கீழே இருப்பவருடைய பிறப்பு. கீழே இருப்பவர் ஆணாக இருந்தால் ஆணின் பிறப்பு, பெண்ணாக இருந்தால் பெண்ணின் பிறப்பு. முத்துப்பட்டனைச் சக்கிலியர் வீட்டில் பிறந்து அக்கிரகாரத்தில் வளர்ந்தவன் என்று ஆக்கியிருந்தாலும் ஜோடி சரியாகிப் போயிருக்குமே! அப்படித் திருத்த ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வியை எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

இந்த மூன்று கதைகளின் சாவுகளையும் பார்க்க வேண்டும். காத்தவராயனுக்குக் கழுமரம். மதுரை வீரனுக்கு மாறுகால் மாறுகை. இரண்டும் அதிகாரம் கொடுக்கும் தண்டனை. மேலிருந்து கீழே வந்த முத்துப்பட்டனுக்கோ வீரமரணம். பூணூலை அறுத்த பிராமணனைக் கதை தண்டிக்கவில்லை. அவனுடைய சாவை மாட்டுக் கள்ளர்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. ‘சாதி ஒழிப்புக் கதை’ என்று மூன்று மதிப்பெண்ணுக்கு எழுதும்போது இதையும் சேர்த்து எழுத வேண்டும். தியாகம் செய்கிற வசதியும் இங்கே இறங்கி வருகிறவனுக்குத்தான் இருக்கிறது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது தீ.

இவ்வளவு இருந்தும் இந்தக் கதை ஏன் சாகவில்லை? என் பதில் எங்கள் ஆச்சியிடமிருந்து வந்தது. கொடையில் வில்லடிக்கிறவர் அந்தப் பிறப்புக் கதையை நீளமாகப் பாடிக்கொண்டிருந்தபோது நான் அவளிடம், “அப்போ அவங்க ஐயர் புள்ளைகளா ஆச்சி?” என்று கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள்: “ஏலே, ஐயர் புள்ளைகள்னா பெறவு அந்த மனுசன் எதுக்குலே பூணூல அறுக்கணும்? செருப்பு எதுக்குலே தைக்கணும்? இது கோயில்காரனுக்குப் பாடுத பாட்டு. நமக்குள்ளது இனிமேத்தான் வரும்.”

கட்டுடைப்பு பற்றிப் பின்னாளில் நான் படித்த எதுவும் இதைத் தாண்டிப் போகவில்லை. கொடைக்குப் பணம் தருகிறவர் யார், எந்த வாசலில் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்பது வில்லடிக்கிறவருக்குத் தெரியும். பிறப்புக் கதை அவர் கட்டுகிற சுங்கம். அதைக் கட்டிவிட்டு உள்ளே போனபின் செருப்புத் தைக்கும் கட்டத்தை அவர் குறைத்துப் பாடுவதில்லை. கேட்கிறவர்களும் சுங்கத்தைச் சுங்கமாகவே எடுத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். செருகலை வெட்டியெடுத்த பதிப்பில் இந்தப் பேரம் மறைந்துபோகும். செருகலும் அதை மீறும் கதையும் ஒரே ராத்திரியில் ஒரே வாயிலிருந்து வருவதுதான் பிரதி.

அப்படிக் காத்திருந்து கேட்பது எதை? ஒரு பகடை, ஒரு பிராமணனுக்கு நிபந்தனை போடுவதை. தமிழ்க் கதைமரபில் தகுதியை நிரூபிக்க வேண்டியவன் எப்போதும் கீழே இருப்பவன். இங்கே ஒரே ஒரு தடவை அது தலைகீழாகிறது. பயந்து கைகூப்பிய வாலப்பகடை, அந்தப் பயத்துக்குள்ளிருந்தே பரீட்சை வைக்கிறான். அவன் தொழில் பரீட்சைத் தாளாகிறது. இந்தக் கதையின் நாயகன் வாலப்பகடைதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பட்டனின் காதலை எத்தனையோ சினிமாவில் பார்த்துவிட்டோம். பகடையின் அந்தக் கேள்வியை வேறெங்கும் கேட்டதில்லை.

சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குக் காணிக்கை செருப்பு. தோல் செருப்பு செய்து கொண்டுவந்து கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகும் கோயில்களின் நாட்டில், செருப்பைக் கையில் ஏந்திப் போகும் சந்நிதி இது. பெண்களின் பிறப்பை எவ்வளவு திருத்தினாலும் அந்தச் செருப்பைத் திருத்த முடியவில்லை. நா.வா. தேடிய மூலம் ஏட்டில் இல்லாவிட்டாலும் அங்கே தொங்குகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

சொல்லிவிட்டு நிம்மதியாக முடிக்க முடியவில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கர் என்ற தலித் இளைஞர் பட்டப்பகலில், மனைவியின் கண்முன்னால் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் மேலே இருந்த ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்ததுதான். காத்தவராயனின் கழுமரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு போய்ச் செருப்புக் கட்டிவிட்டு வருகிறவர்களில், தன் வீட்டுப் பெண்ணைக் கேட்டு வாலப்பகடையின் வம்சத்துப் பையன் வந்து நின்றால் எத்தனை பேர் கதவைத் திறப்பார்கள்? மாட்டுக் கள்ளர்கள்மேல் பழி போட்டுத் தப்பிக்க இப்போது கதையும் இல்லை.

ஆச்சி இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். செருப்புத் தைக்கும் கட்டம் வந்ததும் அவள் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அதுவரைக்கும் எனக்குத் தெரியும். அவள் வீட்டுத் திண்ணையில் அருந்ததியர் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்பதும் தெரியும்.