எல்லாக் கணினிக்கும் ஒரே வட்டு

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் விளம்பரப் படம் தொகுப்பவர்களுக்குப் பெருங்கோப்புதான் தீராத தலைவலி. புரோரெஸ் 422 எச்கியூ வடிவிலான 4கே காணொளி நொடிக்கு ஏறத்தாழ 90 மெகாபைட் கேட்கும். ஒரு மணித்தியாலத்துக்கு 330 கிகாபைட். சாதாரண கிகாபிட் நெட்வேர்க்கை ஒருவரே நிரப்பிவிடுவார். வன்தட்டைக் கைமாற்றித் திரிவதைவிட, சான் எனப்படும் சேமிப்பக வலையமைப்பில் கணினிகளை நேரே இணைப்பது மேல். நிறம் திருத்துபவரும் ஒலி சேர்ப்பவரும் ஒரே பிரதியில் வேலை செய்யலாம். எது கடைசிப் பிரதி என்ற சண்டையே எழாது.

ஆனால் அந்த இணைப்பைக் கொடுக்கும் விதத்தில்தான் ஆபத்து இருக்கிறது. சான் கணினிக்குக் காட்டுவது கோப்பை அல்ல, வெறும் வட்டை. என்டிஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பமைப்புகளில் அமைந்த ஒரே வட்டை இரண்டு கணினிகள் திறந்தால், ஒன்று எழுதியதை மற்றது அறியாது. ஒன்றன்மேல் ஒன்று எழுதி எல்லாம் சிதையும். ஜிஎஃப்எஸ்2 போன்ற கூட்டுக் கோப்பமைப்பு இதற்காகவே வந்தது. எழுதுமுன் பூட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு கணினிக்கும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஒரு ஜர்னல் வேண்டும். தொடர்பு அறுந்த கணினியை ஃபென்சிங் வெளியேற்றும். சோதிக்கும்போது கணினிகளை அணைத்துத் தொல்லை தருகிறதென்று ஃபென்சிங்கை நிறுத்திவைப்பது பெருந்தவறு. உறைந்துபோன கணினி விழித்தெழுந்து, காலாவதியான பூட்டை நம்பி எழுதத் தொடங்கிவிடும். ஃபென்சிங் இல்லாத அமைப்புக்கு, ஜிஎஃப்எஸ்2ஐ வழங்கும் ரெட் ஹாட் நிறுவனம் ஆதரவு தர மறுப்பது நியாயமான பிடிவாதம்.

சுவிட்சில் சோனிங்கும் சேமிப்பகத்தில் லன் மாஸ்கிங்கும் அதேயளவு முக்கியம். எந்தக் கணினிக்கு எந்த வட்டு தெரியலாம் என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. தளர்வாக விட்டால், புதிதாகச் சேர்த்த விண்டோஸ் கணினி தனக்குத் தெரியாத வட்டைக் கண்டு 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும். அவசரத்தில் ஒருவர் சம்மதித்தால் எல்லாருடைய வேலையும் போயிற்று.

இன்னொரு குறை, ஒரே நிறுவனத்தை நம்பியிருப்பது. 2025இல் வந்த ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10இல் ஜிஎஃப்எஸ்2க்கு ஆதரவு இல்லை.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது, பொதுச் சேமிப்பகத்தையே காப்புப் பிரதியாக எண்ணுவது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன; மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு மீளவில்லை, அக்காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லாததால். அது மின்னஞ்சல் சேர்வர்தான். ஆனால் எல்லாரும் எழுதக்கூடிய ஒரே வட்டில் அத்தகைய தாக்குதல் ஒரு கணினி வழியாகவே எல்லாவற்றையும் பூட்டிவிடும்.

நாலைந்து பேர் வேலை செய்யும் இடத்துக்கு நான் சான் சொல்லமாட்டேன். 10 கிகாபிட் சுவிட்சும், நெட்வேர்க் வழியே கோப்புகளைப் பகிரும் ஒரு நாஸ் பெட்டியும் போதும். மிஞ்சும் காசில் காப்புப் பிரதிக்கு டேப் வாங்கி வேறு கட்டடத்தில் வைக்கலாம்.