கல்வித் தரவுகளின்வழிப் பொதுப்பள்ளிகளை ஒப்பிடுதல்: நியூயார்க் மாநகர முன்னேற்ற அறிக்கைகள் (2007–2013) – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே மாநகரத்திற்குள் இயங்கும் அரசுப் பொதுப்பள்ளிகளைத் தேர்வு மதிப்பெண் முதலான தரவுகளைக்கொண்டு ஒப்பிட்டுத் தரப்படுத்தும் முயற்சிகளுள், நியூயார்க் மாநகரக் கல்வித்துறை 2007 முதல் 2013 வரை வெளியிட்ட முன்னேற்ற அறிக்கைகள் முதன்மையானவை. அவற்றின் அமைப்பு, அவை சார்ந்திருந்த அளவுகோல், அவற்றால் விளைந்த முடிவுகள் ஆகியவற்றை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் ஆராய்கிறது. ஒப்பிடும் முறையில் அவ்வறிக்கைகள் முன்னேறியவையாக இருந்தும், ஓர் எழுத்துக்குள் அனைத்தையும் அடக்கி, அவ்வெழுத்தின்மேல் பள்ளியின் வாழ்வையே ஏற்றியதால் பிழைபட்டன என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: கல்வித் தரவு, பள்ளி ஒப்பீடு, முன்னேற்ற அறிக்கை, ஒப்பீட்டுக் குழு, தேர்ச்சி வரம்பு, பிழை எல்லை.

முன்னுரை

ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்னும் வினா பெற்றோருக்கும் அரசுக்கும் பொதுவானது. எனினும் இருவர் கேட்பதும் ஒன்றன்று. தம் குழந்தையை எங்குச் சேர்ப்பது என்பது பெற்றோரின் வினா. எந்தப் பள்ளிக்கு உதவுவது, எந்தத் தலைமையை மாற்றுவது, எந்தப் பள்ளியை மூடுவது என்பன அரசின் வினாக்கள். இவ்விரு வகை வினாக்களுக்கும் ஒரே எண்ணை விடையாகத் தரமுடியும் என்னும் நம்பிக்கையே பள்ளித் தரப்பட்டியல்களின் அடிப்படையாகும். இந்நம்பிக்கையைச் சோதித்தறிய நியூயார்க் மாநகரம் ஏற்ற களமாகும். ஏறத்தாழ 11 இலட்சம் மாணவர்களைக் கொண்டிருந்த அந்நகரின் பொதுப்பள்ளி அமைப்பு அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. 2002ஆம் ஆண்டு மாநிலச் சட்டமன்றம் பள்ளிகளின் நிருவாகத்தை மேயரிடம் ஒப்படைத்தது. மேயர் மைக்கேல் புளூம்பெர்க், கல்வித்துறைத் தலைவர் ஜோயல் கிளைன் ஆகியோர் காலத்தில் தரவுவழிப் பொறுப்புக்கூறல் நிருவாகத்தின் மையக் கொள்கையாயிற்று. 2007 நவம்பரில் முதல் முன்னேற்ற அறிக்கைகள் வெளிவந்தன.

அறிக்கையின் அமைப்பு

ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ, பி, சி, டி, எஃப் என்னும் எழுத்துகளுள் ஒன்று வழங்கப்பட்டது. முதலாண்டிற்குப்பின் நிலைபெற்ற முறையில், பள்ளிச் சூழலுக்கு 15 விழுக்காடும், மாணவர் அடைவுக்கு 25 விழுக்காடும், மாணவர் முன்னேற்றத்திற்கு 60 விழுக்காடும் மதிப்பளிக்கப்பட்டன. பெற்றோர், ஆசிரியர், மாணவர் ஆகியோரிடம் எடுக்கப்பட்ட கருத்தாய்வும் வருகைப் பதிவும் சூழலைக் காட்டின. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் அடைவும் முன்னேற்றமும் பெரும்பாலும் மாநிலத்தின் ஆங்கில, கணிதத் தேர்வுகளிலிருந்து கணக்கிடப்பட்டன.

இவ்வமைப்பில் பாராட்டத்தக்க கூறுகள் இரண்டு உள்ளன. மாணவன் எங்கு நிற்கிறான் என்பதைவிட எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பதற்கு மிகுந்த மதிப்பளித்தமை முதலாவது. பள்ளியை நகர் முழுமையோடு மட்டுமன்றி, அதனை ஒத்த ஏறத்தாழ 40 பள்ளிகளோடும் ஒப்பிட்டமை இரண்டாவது. வெறும் தேர்ச்சி விழுக்காட்டை வரிசைப்படுத்தும் பட்டியல், பள்ளியைவிட அப்பள்ளியைச் சூழ்ந்த குடும்பங்களின் வருவாயையே மிகுதியும் வரிசைப்படுத்துகிறது. 1966ஆம் ஆண்டின் கோல்மன் அறிக்கை முதற்கொண்டு கல்விச் சமூகவியல் வலியுறுத்திவரும் இவ்வுண்மையை நியூயார்க் அறிக்கைகள் கணக்கிற்கொண்டன.

ஒப்பீட்டுக் குழுவின் தகுதியும் குறையும்

ஒத்த பள்ளி என்பதை எவ்வாறு வரையறுப்பது என்பதில்தான் முதற்சிக்கல் எழுந்தது. நடுநிலைப் பள்ளிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் மாணவர் உள்நுழையும்போது பெற்றிருந்த முந்தைய தேர்வு மதிப்பெண்கள் அடிப்படையாயின. தொடக்கப்பள்ளிக்கு அத்தகைய முன்மதிப்பெண் இல்லை. ஆகவே இலவச மதிய உணவுக்குத் தகுதியுடையோர், ஆங்கிலம் கற்போர், சிறப்புக் கல்வி பெறுவோர் முதலியோரின் விகிதங்களைக்கொண்டே குழு அமைக்கப்பட்டது. இலவச உணவுத் தகுதி என்பது உண்டு, இல்லை என்னும் இரு நிலைகளை மட்டுமே அறியும். குறைந்த வருவாயுடைய குடும்பத்தின் குழந்தையும், வீடிழந்து தங்குமிடத்தில் உறங்கும் குழந்தையும் அதன் கணக்கில் ஒன்றே. அண்மைக் காலத்தில் அந்நகரில் ஆண்டுதோறும் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் நிலையான வீடின்றி வாழ்கின்றனர் என்பதை நோக்க, இவ்வேறுபாடு புறக்கணிக்கத்தக்கதன்று. ஒத்தவை எனப்பட்ட 40 பள்ளிகள் தரவில் ஒத்தவையாயினும் வாழ்வில் ஒத்தவையாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை.

அளவுகோல் மாறிய நிகழ்வு

2007இல் ஏ பெற்ற தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் 23 விழுக்காடு. 2008இல் அது 38 விழுக்காடாகவும், 2009இல் 84 விழுக்காடாகவும் உயர்ந்தது. 2009இல் ஏ அல்லது பி பெற்றவை 97 விழுக்காடு. ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் சிறந்தவை என்று கூறும் ஒப்பீடு, ஒப்பீடு என்னும் பெயருக்கே பொருந்தாது.

இவ்வுயர்வின் காரணம் பள்ளிகளுக்குள் மட்டும் இல்லை. ஆண்டுதோறும் ஒத்த வகை வினாக்கள் இடம்பெற்றதால் மாநிலத் தேர்வுகள் முன்கூட்டி ஊகிக்கத்தக்கனவாக மாறியிருந்தன. தேர்ச்சி வரம்பும் தளர்ந்திருந்தது. தேசிய அளவிலான மாதிரித் தேர்வில் இதற்கு நிகரான உயர்வு காணப்படவில்லை. 2010இல் மாநிலக் கல்வித்துறை இக்குறையை ஏற்றுத் தேர்ச்சி வரம்பை உயர்த்தியது. நகரில் கணிதத் தேர்ச்சி 2009இல் 82 விழுக்காடாக இருந்து 2010இல் 54 விழுக்காடாயிற்று. ஆங்கிலத் தேர்ச்சி 69 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாயிற்று. ஓராண்டில் குழந்தைகளின் அறிவு இவ்வளவு குறைந்துவிடவில்லை. கோடு மட்டுமே நகர்ந்தது.

இதற்கு விடையாக நகரக் கல்வித்துறை, 2010இல் ஏ பெறும் பள்ளிகள் 25 விழுக்காடே என முன்னரே வரையறுத்தது. 2009இன் குறை பள்ளிகளை வேறுபடுத்த இயலாமை. 2010இன் குறை அதற்கு நேர்மாறானது. பங்கு முன்பே வகுக்கப்பட்டபின், எழுத்து தரத்தைக் குறிப்பதில்லை. இடத்தை மட்டுமே குறிக்கும். எல்லாப் பள்ளிகளும் மேம்பட்டாலும் முக்கால் பங்கிற்கு ஏ கிட்டாது. ஒரே எழுத்து ஓராண்டில் ஒரு பொருளும் மறு ஆண்டில் வேறொரு பொருளும் தந்ததைப் பெற்றோர் அறிந்துகொள்ள அறிக்கையில் எளிய வழியேதும் இருக்கவில்லை.

சிறு எண்ணிக்கையும் ஆண்டு ஏற்ற இறக்கமும்

முன்னேற்றத்திற்கு 60 விழுக்காடு மதிப்பளித்தமை நோக்கத்தால் நேர்மையானது; புள்ளியியலால் நிலையற்றது. ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஒரு பள்ளியில் 60 பேர் தேர்வெழுதுகின்றனர். பாதிப்பேர் தேர்ச்சி பெறுகின்றனர் எனக்கொண்டால், தற்செயலால் மட்டும் நேரும் திட்டப்பிழை ஏறத்தாழ 6.5 விழுக்காட்டுப் புள்ளி. இரண்டு ஆண்டுகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டால் அது 9 புள்ளியாகப் பெருகும். 600 பேர் எழுதும் பள்ளியில் அவ்வேறுபாட்டின் பிழை 3 புள்ளிக்கும் குறைவு. ஆகவே சிறிய பள்ளி பட்டியலின் உச்சியிலும் அடியிலும் மாறிமாறித் தோன்றுவது இயல்பே. தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் ஆகிய பொருளியலாளர்கள் 2002இல் இச்சிக்கலை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் நியூயார்க் அறிக்கையின் முகப்பில் நின்ற எழுத்து எவ்விதப் பிழை எல்லையையும் தாங்கவில்லை.

புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் பெற்றோர் விரும்பிச் சேர்த்துவந்த ஒரு தொடக்கப்பள்ளி, தேர்ச்சி விழுக்காடு உயர்ந்திருந்தும், முன்னேற்ற மதிப்பீட்டின் குறைவால் 2008இல் எஃப் பெற்றது. 2012 பிப்ரவரியில் ஏறத்தாழ 18,000 ஆசிரியர்களின் மதிப்பீடுகள் வெளியிடப்பட்டபோது இந்நிலையின்மை மேலும் வெளிப்பட்டது. நூற்றுமான வரிசையில் அம்மதிப்பீடுகளின் சராசரிப் பிழை வீச்சு கணிதத்தில் 35 இடங்கள். ஆங்கிலத்தில் 53 இடங்கள்.

சேர்க்கையும் பள்ளியின் பங்கும்

நகரின் புகழ்பெற்ற ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் அறிவியல் பள்ளி, புரூக்ளின் தொழில்நுட்பப் பள்ளி ஆகியன நுழைவுத் தேர்வுவழி மாணவரைச் சேர்ப்பவை. 1971ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமே இம்முறையைக் காக்கிறது. இவற்றின் உயர்ந்த அடைவில் பள்ளியின் பங்கு எவ்வளவு, சேர்க்கையின் பங்கு எவ்வளவு என்பதைத் தரவரிசை கூறாது. அப்துல்கதிரோலு, ஆங்கிரிஸ்ட், பதக் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவு மதிப்பெண்ணில் நூலிழையில் இடம்பெற்றோரையும் நூலிழையில் தவறவிட்டோரையும் ஒப்பிட்டது. பிந்தைய தேர்வு மதிப்பெண்களில் இவ்விரு பிரிவினரிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. சிறந்த மாணவரைப் பெற்ற பள்ளி, மாணவரைச் சிறப்பித்த பள்ளியாகவே கொள்ளப்படுவதன் பிழையை இவ்வாய்வு உணர்த்துகிறது.

எழுத்தின்மேல் ஏற்றிய சுமை

டி அல்லது எஃப் பெற்ற பள்ளியும், தொடர்ந்து மூன்று முறை சி பெற்ற பள்ளியும் மூடுதலுக்கு உள்ளாகக்கூடும் என்பது கொள்கையாயிற்று. பங்குகள் முன்பே வகுக்கப்பட்ட முறையில் யாரேனும் சி பெற்றே ஆகவேண்டும். எனவே மூடப்படும் வாய்ப்பு, பள்ளிகளின் செயலுக்கு முன்பே கணக்கீட்டிற்குள் இடம்பெற்றுவிட்டது. புளூம்பெர்க் காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. மூடுவதற்கு முன்மொழியப்பட்ட பள்ளிகளில் தேவை மிகுந்த மாணவர்கள் கூடுதல் விகிதத்தில் பயின்றதை நகரின் தன்னாட்சி வரவுசெலவு அலுவலகம் 2011இல் சுட்டியது. ஒப்பீட்டுக் குழு சமன்செய்வதாகக் கூறிய சுமை, இறுதி முடிவில் முழுவதும் சமனாகவில்லை என்பதற்கு இது சான்று.

மறுபக்கத்தையும் கூறுதல் முறையாகும். ஜோனா ராக்காஃப், லெஸ்லி டர்னர் ஆகியோரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு, தாழ்ந்த எழுத்தைப் பெற்ற பள்ளிகளில் குறுகிய காலத்தில் மதிப்பெண் உயர்ந்ததைக் கண்டறிந்தது. ஆகவே அறிக்கைகள் பயனற்றவை எனல் பொருந்தாது. ஆனால் தேர்வே ஊகிக்கத்தக்கதாக இருந்த காலத்தில், உயர்ந்தது கல்வியா, தேர்வுப் பயிற்சியா என்பதை அம்மதிப்பெண் மட்டும் கொண்டு முடிவுசெய்ய இயலாது.

மேயர் பில் டி பிளாசியோ காலத்தில், 2014இல், எழுத்துமுறை கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாகப் பெற்றோருக்குச் சுருக்க அறிக்கையும் கல்வியாளருக்கு விரிவான வழிகாட்டியும் தனித்தனியே வெளியிடப்பட்டன. இருவேறு வினாக்களுக்கு இருவேறு விடைகள் தேவை என்பது இதன்வழி ஏற்கப்பட்டது.

முடிவுரை

நியூயார்க் பட்டறிவு ஒப்பீட்டை மறுக்கவில்லை. ஒப்பீட்டின் நெறிகளை உணர்த்துகிறது. எந்த வினாவிற்காக ஒப்பிடுகிறோம் என்பது முதலில் வரையறுக்கப்படவேண்டும். ஒரே ஆண்டின் தரவை விடுத்துப் பல ஆண்டுகளின் சராசரியைக் கொள்ளவேண்டும். பிழை எல்லை எண்ணோடு சேர்த்தே வெளியிடப்படவேண்டும். அளவுகோல் மாறிய ஆண்டு வெளிப்படையாகக் குறிக்கப்படவேண்டும். மூடுதல் போன்ற மீளாத முடிவுகளைக் கணக்கீடு தானே எடுத்தலாகாது. பள்ளியை நேரில் கண்டறிந்த மதிப்பீடு அதனுடன் இணையவேண்டும்.

தமிழ்நாடு அரசு 2017இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் மாணவர் தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. மாணவரைப் பொறுத்து ஏற்கப்பட்ட அந்நியாயம் பள்ளிகளுக்கும் பொருந்துமா என்பது தமிழ்ச்சூழலில் விரிவாக ஆராயத்தக்கது. மாநகர்ப் பள்ளிகளைத் தேர்ச்சி விழுக்காட்டால் மட்டும் வரிசைப்படுத்தும்போது, கடைசி இடத்தில் நிற்பது பெரும்பாலும் மிகக் கடினமான பணியை ஏற்றுக்கொண்ட பள்ளியே. அப்பணியைக் காணமுடியாத தரவு, எவ்வளவு துல்லியமாயினும், அப்பள்ளியைப் பற்றிய தீர்ப்பாகாது.